இயங்குதளம் நிறுவுகையில் ‘இயக்கி இல்லை’ என்னும் அறிவிப்பு: காரணமும் பரிகாரமும்

முன்னுரை

கணிப்பொறியொன்றில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முற்படுவோர் பலர், பணி தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஓர் அறிவிப்பினால் தடைப்பட்டு நிற்பதுண்டு. ‘தங்கள் கணிப்பொறிக்குத் தேவையான ஊடக இயக்கி காணப்படவில்லை’ என்றோ, ‘வட்டு எதுவும் காணப்படவில்லை, இயக்கியை ஏற்றுக’ என்றோ அவ்வறிவிப்பு திரையில் தோன்றும். கண்டவர் திகைப்பர். கணிப்பொறி பழுதாயிற்று என எண்ணிப் புதிய வட்டு வாங்குவோரும் உளர். கிடைத்த இடத்திலெல்லாம் கைவைத்து, உள்ளிருந்த ஆவணங்களை இழப்போரும் உளர்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அதனை வெளியிட்ட நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அது காரணமாக வீடுகளிலும், பள்ளிகளிலும், அலுவலகங்களிலும் புதிய இயங்குதளம் நிறுவும் பணி மிகுந்துள்ளது. ஆதலின் இவ்வறிவிப்பின் உண்மைப் பொருள் யாது, அது தோன்றுங்கால் எவ்வரிசையில் ஆராய்தல் வேண்டும் என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயக்கி என்பது யாது?

கணிப்பொறியில் வட்டு, விசைப்பலகை, திரை, வலைப்பின்னல் அட்டை எனப் பல சாதனங்கள் இணைந்துள்ளன. இவை யாவும் ஒரே நிறுவனத்தால் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த கட்டளைகளையே ஏற்கும். இயங்குதளமோ ‘இவ்விடத்திலுள்ள தகவலைப் படி’, ‘இதனை எழுது’ எனப் பொதுவாகவே கட்டளையிடும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பொதுக் கட்டளையை அந்தந்தச் சாதனத்திற்குரிய கட்டளையாக மாற்றித் தரும் சிறு நிரலே டிரைவர் எனப்படும் இயக்கியாகும்.

முற்காலத்தில் வெளிநாட்டு வணிகருக்கும் உள்நாட்டாருக்கும் இடையே துபாஷி ஒருவர் நின்று பேச்சை மாற்றியுரைத்தார். துபாஷி வாராத நாளில் வணிகர் ஊமையர் போல் நிற்க நேரிடும். விற்போர் எதிரிலேயே இருப்பர், சரக்கும் இருக்கும், ஆனால் வணிகம் நடவாது. இயக்கி இல்லாத கணிப்பொறியின் நிலையும் இதுவே. சாதனம் பழுதின்றி இருக்கும். இயங்குதளமும் குறையின்றி இருக்கும். ஒன்றின் மொழியை மற்றொன்று அறியாது.

இவ்வுவமையிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படும். ‘வட்டு காணப்படவில்லை’ என்னும் அறிவிப்பு, வட்டு இல்லை என்பதற்கோ வட்டு கெட்டது என்பதற்கோ சான்றாகாது. ‘நான் காணவில்லை’ என்பதே அவ்வறிவிப்பின் சரியான பொருள்.

2. ஒரு புதிரும் அதன் விடையும்

இங்கு அறிவுடைய மாணவர் ஒரு வினா எழுப்பலாம். பென் டிரைவிலிருந்துதானே நிறுவும் நிரல் தொடங்கியது? அதே பென் டிரைவைப் படிக்க இயக்கி இல்லை என்று அது கூறுவது முரண் அன்றோ?

முரண் அன்று. இயங்குதளம் நிறுவப்படுவது இரு கட்டங்களில் நிகழ்கின்றது. முதற்கட்டத்தில் கணிப்பொறியின் தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள நிரல் பொறுப்பேற்கும். பழைய கணிப்பொறிகளில் இதனை பயாஸ் என்றும், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் வழங்குவர். பென் டிரைவையும் விசைப்பலகையையும் எளிய முறையில் கையாளும் திறன் இதற்கு உண்டு. விண்டோஸ் நிறுவலில், ‘பூட்.விம்’ என்னும் கோப்பு முழுவதும் இதன் உதவியால் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது.

இரண்டாம் கட்டத்தில், நினைவகத்தில் ஏறிய அச்சிறு விண்டோஸ் தானே விழித்தெழுந்து ஆட்சியை ஏற்கின்றது. அப்பொழுது முன்னிருந்தவரின் உதவி நின்றுவிடும். பெருங்கோப்பாகிய ‘இன்ஸ்டால்.விம்’ இன்னும் பென் டிரைவிலேயே உள்ளது. அதனைப் படிப்பதற்கும், வட்டில் எழுதுவதற்கும் அச்சிறு விண்டோஸுக்குச் சொந்த இயக்கிகள் தேவை. அவை அதனிடம் இல்லையாயின், தான் வந்த வாகனத்தையே அது காண இயலாது.

தொடங்கும்போது வேலை செய்த விசைப்பலகையும் மௌஸும், நிறுவும் திரை தோன்றியவுடன் செயலற்றுப் போவதற்கும் காரணம் இதுவே.

3. கடந்த காலம் கற்பித்த நான்கு பாடங்கள்

சாதனங்கள் புதியனவாகவும் நிறுவல் ஊடகம் பழையதாகவும் இருக்கும்போதெல்லாம் இச்சிக்கல் தோன்றியுள்ளது. கீழ்க்காணும் நான்கும் அதற்குச் சான்றுகளாகும்.

முதலாவது, 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. பின்னர்ப் பரவிய சாட்டா வட்டுகளின் ஏ.எச்.சி.ஐ. என்னும் இயக்கமுறைக்குரிய இயக்கி அதனுள் இல்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, இயக்கி அடங்கிய நெகிழ்வட்டைச் செருகினாலன்றி வட்டு தென்படாது. நெகிழ்வட்டுப் பெட்டியே இல்லாத கணிப்பொறிகள் வந்த பின்னர் இவ்வழியும் அடைபட்டது. விண்டோஸ் விஸ்டா முதலாகவே பென் டிரைவிலிருந்து இயக்கியை ஏற்றும் வசதி ஏற்பட்டது.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 7. யு.எஸ்.பி. 3.0 என்னும் விரைவு இணைப்பின் விதிமுறை 2008ஆம் ஆண்டு நவம்பரிலேயே வெளியிடப்பட்டிருந்தும், அதற்குரிய இயக்கி இதில் சேர்க்கப்படவில்லை. பழைய முறை யு.எஸ்.பி. துளைகளும் உடனிருந்த வரை இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. 2015இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைப் பொறிகளில் பழைய முறைக்குரிய கட்டுப்பாட்டுப் பகுதி நீக்கப்பட்டது. அதன் பின்னர் விசைப்பலகை, மௌஸ், பென் டிரைவ் ஆகிய மூன்றும் ஒருங்கே செயலற்றன.

மூன்றாவது, என்.வி.எம்.இ. எனப்படும் விரைவு வட்டுகள். இம்முறையின் முதல் விதிமுறை 2011இல் வெளியாயிற்று. விண்டோஸ் 7 இதனை அறியாது. 2014இல் தனித் திருத்தமாகவே அதற்கு இயக்கி அளிக்கப்பட்டது. 2013இல் வந்த விண்டோஸ் 8.1 இவ்வியக்கியைத் தன்னுள் கொண்டிருந்தது.

நான்காவதே இன்று பெரிதும் எதிர்ப்படுவது. இன்டெல் பதினோராம் தலைமுறை முதலான பல மடிக்கணிப்பொறிகளில் வி.எம்.டி. என்னும் அமைப்பு உள்ளது. என்.வி.எம்.இ. வட்டு நேரே இயங்குதளத்தின் பார்வைக்கு வாராமல், இவ்வமைப்பின் பின்னே நிற்கும். திரைக்குப் பின் நிற்பவரைக் காணத் திரையை விலக்கத் தெரிந்தவர் வேண்டும். அவ்வாறு விலக்குவது இன்டெல் ஆர்.எஸ்.டி. என வழங்கும் இயக்கியாகும். இது சேர்க்கப்படாத ஊடகத்தைக் கொண்டு நிறுவ முயன்றால், வட்டுகளின் பட்டியல் வெறுமையாகவே இருக்கும்.

4. அறிவிப்பு திசைமாற்றும் இடங்கள்

எல்லா வேளைகளிலும் இயக்கியே குற்றவாளி என்று கொள்ளுதல் தவறு. நிறுவும் நிரல் தனக்கு வேண்டிய கோப்பைப் படிக்க இயலாதபோது, காரணம் எதுவாயினும் ‘இயக்கி இல்லை’ என்றே கூறிவிடுவதுண்டு. குறுந்தகடு இயக்கியே இல்லாத கணிப்பொறியிலும் ‘குறுந்தகட்டுப் பெட்டிக்கான இயக்கி காணப்படவில்லை’ என அது அறிவித்த நிகழ்ச்சிகள் பல. அவற்றின் காரணங்கள் பெரும்பாலும் பின்வருவனவே:

(அ) இணையத்திலிருந்து பெறப்பட்ட ஐ.எஸ்.ஓ. கோப்பு முழுமையாக வந்து சேராமை.

(ஆ) கோப்பு சரியாக இருந்தும், பென் டிரைவிலோ தகட்டிலோ பிழையாக எழுதப்பட்டமை.

(இ) பென் டிரைவ் தேய்ந்தோ போலியாகவோ இருத்தல்.

(ஈ) இயக்கி இல்லாத யு.எஸ்.பி. துளையில் அதனைச் செருகியிருத்தல்.

இவற்றுள் எதற்கும் புதிய இயக்கியைத் தேடி அலைவதால் பயனில்லை. ஆகவேதான் ஆராய்ச்சிக்கு ஒரு வரிசை வேண்டப்படுகின்றது.

5. ஆராயும் வரிசை

முதற்படி: அறிவிப்பின் சொற்களை அப்படியே குறித்துக்கொள்க. கைப்பேசியால் படமெடுத்துக் கொள்ளுதலும் நன்று. அது ஊடகத்தைக் குறிக்கின்றதா, வட்டைக் குறிக்கின்றதா என்பது முதலில் தெளிவாதல் வேண்டும்.

இரண்டாம் படி: கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கி, பயாஸ் அமைப்புப் பக்கத்தில் வட்டின் பெயர் காணப்படுகின்றதா என நோக்குக. அங்கும் காணப்படாவிடில், சிக்கல் பெரும்பாலும் வட்டிலோ, அதன் இணைப்பிலோ, அத்துளை அணைத்து வைக்கப்பட்டிருப்பதிலோ உள்ளது. இணைப்பைச் சரிபார்த்த பின்னரே மேற்செல்லுதல் வேண்டும். அங்குக் காணப்பட்டு, நிறுவும் திரையில் மட்டும் காணப்படாவிடில், வட்டு உளது, துபாஷி இலர் எனத் துணியலாம்.

மூன்றாம் படி: நிறுவும் திரையில் ஷிப்ட், எஃப்10 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் ‘டிஸ்க்பார்ட்’ எனத் தட்டச்சு செய்து, பின்னர் ‘லிஸ்ட் டிஸ்க்’ எனக் கட்டளையிடுக. அப்பொழுது விண்டோஸ் காணும் வட்டுகள் யாவும் அளவுகளோடு பட்டியலாக வரும். உள்வட்டு இல்லையாயின் வட்டுக்குரிய இயக்கி தேவை. பென் டிரைவ் இல்லையாயின் யு.எஸ்.பி. இயக்கியோ வேறு துளையோ தேவை. இரண்டும் இருந்தும் அறிவிப்பு தோன்றுமாயின் ஊடகத்தையே ஐயுறுதல் வேண்டும். பட்டியலிடும் கட்டளை எவ்விதத் தீங்கும் செய்யாது. அதே சாளரத்தில் ‘கிளீன்’ என்னும் கட்டளையை மட்டும் அறியாது கொடுத்தலாகாது. அது வட்டின் பிரிவுகள் அனைத்தையும் நீக்கிவிடும்.

நான்காம் படி: பென் டிரைவைக் கழற்றி வேறு துளையில் செருகி மீண்டும் முயல்க. பழைய கணிப்பொறியாயின் நீல நிறத் துளையைவிடக் கருநிறத் துளை உகந்தது. பல இடங்களில் இவ்வெளிய செயலாலேயே தடை நீங்கிவிடும்.

ஐந்தாம் படி: ஐ.எஸ்.ஓ. கோப்பின் செம்மையைச் சோதிக்க. வெளியிட்டோர் ‘ஷா-256’ என்னும் சரிபார்ப்பு எண்ணை அளித்திருப்பின், நம்மிடமுள்ள கோப்பிற்கும் அவ்வெண்ணைக் கணித்து ஒப்பிடுக. ஓர் எழுத்து மாறினும் கோப்பு செம்மையற்றதே. மீண்டும் பெற்று, வேறொரு பென் டிரைவில் எழுதுதல் வேண்டும்.

இவ்வைந்து படிகளுக்கும் பின்னரும் வட்டு தென்படாவிடில், இயக்கியை ஏற்றுவதே வழியாகும்.

6. இயக்கியை ஏற்றும் முறை

கணிப்பொறியின் மாதிரி எண்ணை அதன் அடிப்பகுதியிலுள்ள சீட்டில் கண்டு, அதனைச் செய்த நிறுவனத்தின் வலைத்தளத்திலிருந்தே இயக்கியைப் பெறுதல் வேண்டும். ‘எல்லா இயக்கிகளும் இங்கே’ என விளம்பரம் செய்யும் பிற தளங்களை நாடுதல் கூடாது. இயக்கியானது இயங்குதளத்தின் உள்ளறைக்குள் செல்லும் உரிமை பெற்றது. ஆகையால், அதன் வேடத்தில் வரும் தீய நிரல் மிகுந்த கேடு விளைவிக்கும்.

இங்குப் பலரும் செய்யும் பிழையொன்று குறிப்பிடத்தக்கது. பெற்ற கோப்பு சுருக்கப்பட்ட பொதியாகவோ, தானே இயங்கும் நிறுவியாகவோ இருக்கும். அதனை அவ்வாறே பென் டிரைவில் வைத்தால் நிறுவும் நிரல் ஏற்காது. வேறொரு கணிப்பொறியில் அப்பொதியை விரித்து, உள்ளிருக்கும் ‘ஐ.என்.எஃப்.’, ‘எஸ்.ஒய்.எஸ்.’, ‘சி.ஏ.டி.’ என முடியும் கோப்புகளை ஓர் உறையில் இடுதல் வேண்டும். முதலாவது கோப்பு எந்தச் சாதனத்திற்கு எந்த நிரல் என்பதைக் கூறும் சீட்டு. இரண்டாவது இயக்கி நிரல். மூன்றாவது அதன் மெய்மைக்குரிய மின்கையொப்பம் அடங்கியது. 64 துணுக்கு விண்டோஸ் கையொப்பமற்ற இயக்கியைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆதலின் இம்மூன்றையும் பிரிக்கலாகாது.

பின்னர் அப்பென் டிரைவைச் செருகி, ‘இயக்கியை ஏற்றுக’ என்னும் பொத்தானை அழுத்தி, உறையைக் காட்டுக. பொருந்தாத இயக்கிகளை மறைக்கும் கட்டத்தில் உள்ள குறியை நீக்க வேண்டுவதில்லை. பட்டியலில் ஒன்றும் தோன்றாவிடில், கொணர்ந்த இயக்கி வேறு தலைமுறைக்குரியது அல்லது வேறு துணுக்கு அளவிற்குரியது எனக் கொள்க. சரியான இயக்கி ஏறியவுடன் வட்டும் அதன் பிரிவுகளும் திரையில் தோன்றும். இவ்வாறு ஏற்றிய இயக்கி, நிறுவப்படும் புதிய இயங்குதளத்திலும் தானே சேர்க்கப்படும்.

ஒரே வகைக் கணிப்பொறிகள் பலவற்றில் நிறுவ வேண்டியிருப்பின், ‘டிஸ்ம்’ என்னும் கருவியால் ‘பூட்.விம்’, ‘இன்ஸ்டால்.விம்’ ஆகிய இரு கோப்புகளிலும் இயக்கியை முன்னரே சேர்த்துவிடலாம். ஒன்றில் மட்டும் சேர்த்தால் நிறுவல் தொடங்கும், முடிந்தபின் கணிப்பொறி எழாது. அல்லது தொடங்கவே தொடங்காது.

7. பயாஸ் அமைப்பை மாற்றலாமா?

வி.எம்.டி. அமைப்பை பயாஸில் அணைத்துவிட்டால் வட்டு இயக்கியின்றியே தென்படும் எனப் பலரும் கூறுவர். அஃது உண்மையே. எனினும் அதில் அபாயம் உண்டு.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். பள்ளியொன்றின் அலுவலகக் கணிப்பொறி எழுவதில்லை. அதில் மாணவர் சேர்க்கைப் பதிவுகள் பத்தாண்டுகளுக்கு உரியவை உள்ளன. வேறு பிரதி இல்லை. பழுது பார்க்க வந்தவர் நிறுவும் பென் டிரைவைச் செருகுகின்றார். வட்டுப் பட்டியல் வெறுமையாக உள்ளது. ‘வட்டு போயிற்று’ எனத் தீர்ப்புக் கூறிப் புதிய வட்டைப் பொருத்தி, பழையதைக் கழித்துவிட்டால் யாது நிகழும்? பழுதேதும் இல்லாத வட்டோடு பத்தாண்டுப் பதிவுகளும் குப்பைக்குச் செல்லும். மாறாக, இயக்கியை ஏற்றியிருந்தால் வட்டு தன் பிரிவுகள் அனைத்துடனும் தோன்றியிருக்கும். கட்டளைச் சாளரத்தின் வழியாகவே பதிவுகளை வெளிவட்டில் பிரதி செய்திருக்கலாம்.

பயாஸ் அமைப்பை மாற்றினால், முன்னர் நிறுவப்பட்டிருந்த விண்டோஸ் தன் வட்டைக் காணாது நீலத்திரையோடு நின்றுவிடும். அமைப்பை முன்போல் வைத்தால் பெரும்பாலும் அது மீண்டும் எழும். இரு வட்டுகள் ‘ரெய்டு’ முறையில் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த நிலையில் அவற்றில் எழுதுவது இணைப்பையே சிதைக்கும். மேலும், வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கணிப்பொறி கேட்கக்கூடும். அச்சாவி இல்லாதவர்க்கு உள்ளிருப்பது என்றும் கிட்டாது.

ஆதலின் விதி இதுவாகும்: வட்டில் காக்கவேண்டியது ஏதேனும் இருப்பின், முதலில் இயக்கியை ஏற்றிப் பிரதி செய்க, மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்க, அதன் பின்னரே பயாஸ் அமைப்பைத் தொடுக. வட்டு வெறுமையானது என உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நேரே மாற்றலாம்.

8. நிறுவிய பின்னர்

சில வேளைகளில் நிறுவல் தடையின்றி முடிந்தும், கம்பியில்லா வலைப்பின்னல் இயங்குவதில்லை. இயக்கி வேண்டுமாயின் இணையம் வேண்டும், இணையம் வேண்டுமாயின் இயக்கி வேண்டும் என்னும் நிலை ஏற்படும். கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்தல் எளிய வழி. வலைப்பின்னல் கம்பியையும் பயன்படுத்தலாம்.

எச்சாதனத்திற்கு இயக்கி இல்லை என்பதை ‘டிவைஸ் மேனேஜர்’ காட்டும். மஞ்சள் குறியும் 28 என்னும் பிழையெண்ணும் இருப்பின், இயக்கி நிறுவப்படவில்லை என்பது பொருள். சாதனத்தின் பெயர் தெரியாவிடினும் கவலையில்லை. அதன் வன்பொருள் அடையாளத்தில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது செய்தோரைக் குறிக்கும். இரண்டாவது சாதனத்தைக் குறிக்கும். 8086 எனின் இன்டெல். 1022 எனின் ஏ.எம்.டி. 1978இல் வெளிவந்து புகழ்பெற்ற தன் செயலியின் எண்ணையே இன்டெல் நிறுவனம் தன் அடையாளமாகக் கொண்டுள்ளமை நினைவிற்கு எளிது.

9. லினக்ஸ் முறையில்

லினக்ஸ் இயங்குதளத்தில் பெரும்பாலான இயக்கிகள் கருநிரலுடனேயே வருகின்றன. எனவே ஊடகம் புதியதாயின் சிக்கல் குறைவு. ஆயினும் சில கம்பியில்லா அட்டைகளுக்கு, இயக்கியோடு கூட, அட்டைக்குள் ஏற்றவேண்டிய ‘ஃபர்ம்வேர்’ என்னும் நிலைநிரலும் தேவை. அதன் மூலநிரல் வெளியிடப்படாமையால், டெபியன் அமைப்பு நெடுங்காலம் அதனைத் தன் அதிகாரபூர்வ ஊடகத்தில் சேர்க்கவில்லை. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினர். 2023ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அது சேர்க்கப்பட்டு வருகின்றது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. இம்முறையில் ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் கட்டளை சாதனங்களைப் பட்டியலிடும். ‘டி-மெசேஜ்’ என வழங்கும் பதிவேடு எந்த நிலைநிரல் கிட்டவில்லை என்பதைப் பெயரோடு கூறும்.

தொகுப்புரை

‘இயக்கி இல்லை’ என்பது சாதனத்தின் இறப்பறிவிப்பு அன்று. புதிய சாதனத்திற்கும் பழைய ஊடகத்திற்கும் இடையே உள்ள கால இடைவெளியின் அறிவிப்பே அது. முதலில் பயாஸில் காண்க, பின்னர்ப் பட்டியலிட்டுப் பார்க்க, துளையை மாற்றுக, கோப்பைச் சரிபார்க்க, அதன் பின்னர் இயக்கியை ஏற்றுக. அழிக்கும் செயல் எதனையும் இறுதியில் வைக்க. இவ்வரிசையைக் கடைப்பிடிப்போர்க்குப் பொருட்செலவும் மிச்சம்; ஆவணங்களும் காக்கப்படும்.

பயிற்சி வினாக்கள்

1. பென் டிரைவிலிருந்து தொடங்கிய நிறுவல், அப்பென் டிரைவையே காண இயலாது நிற்பது எங்ஙனம்?

2. பயாஸில் வட்டு தெரிகின்றது. நிறுவும் திரையில் தெரியவில்லை. இதனால் அறியப்படுவது யாது?

3. வட்டு, பென் டிரைவ் இரண்டும் பட்டியலில் இருந்தும் அறிவிப்பு தோன்றினால் எதனைச் சோதிப்பீர்?

4. தானே இயங்கும் நிறுவிக் கோப்பை அவ்வாறே வைத்தால் இயக்கி ஏறாதது ஏன்?

5. ஆவணங்கள் உள்ள கணிப்பொறியில் வி.எம்.டி. அமைப்பை அணைக்கும் முன் செய்யவேண்டுவன யாவை?